ஏழாவது பெயர் (கடிதம்)

அன்புள்ள அக்கா,

உங்கள் பக்கத்தை மூன்று வருடமாகப் படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. நாங்கள் நாற்பது பேர் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு வாசகர் குழு வைத்திருக்கிறோம். போன வாரம் அதில் "உங்களுக்குப் பிடித்த வலைப்பூக்களைச் சொல்லுங்கள், சொந்த அனுபவம் எழுதுகிறவர்களாக இருந்தால் நல்லது" என்று கேட்டேன். ஒரே நாளில் அறுபது சுட்டிகள் வந்து விழுந்தன. பாதி திறக்கவில்லை. திறந்ததிலும் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நான் 1999இல் பிறந்தவன். பழைய வலைப்பதிவுக் காலத்தைப் பற்றி நீங்கள் எழுதுவதைப் படித்தால், தேர் நிலைக்கு வந்த மறுநாள் திருவிழாவுக்குப் போனது போல இருக்கிறது. இப்போது யாரும் அப்படி எழுதுவதில்லை, எல்லாரும் முகநூலுக்கும் யூடியூபுக்கும் போய்விட்டார்கள். நீங்கள் பத்து நல்ல வலைப்பூக்களைச் சொன்னால் குழுவில் போடுவேன். நானும் ஒன்று தொடங்கலாமா? பிளாகரா, வேர்ட்பிரஸ்ஸா?

ம., ஓசூர்

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வந்தபோது நான் என் பக்கத்து ஓரத்தில் இருக்கும் 'நான் படிப்பவை' பட்டியலைத்தான் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 2006இல் ஆரம்பித்த பட்டியல். 43 பெயர்கள். பல வருடமாகத் தொடாமல் கிடந்ததைச் சுத்தம் செய்யலாம் என்று ஒவ்வொன்றாக அழுத்தினேன். பதினொன்று திறக்கவே இல்லை. சொந்தமாக முகவரி வாங்கி எழுதிய நான்கு பேரின் முகவரி கைமாறி, அதில் இப்போது ரம்மி விளம்பரம் ஓடுகிறது. மூன்று பூட்டியிருக்கின்றன. பத்தொன்பது அப்படி அப்படியே நிற்கின்றன. பாதிப் பேருடைய கடைசிப் பதிவு புத்தாண்டு வாழ்த்து, இல்லாவிட்டால் "வேலை அதிகம், இனிமேல் அடிக்கடி எழுதுவேன்" என்கிற வாக்குறுதி. ஆறு பேர் இன்றும் எழுதுகிறார்கள்.

ஆறு பேர். என் ஒருத்தியின் பட்டியலிலேயே. அதனால் "யாரும் எழுதுவதில்லை" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். ஒரு பக்கத்தைக்கூட முழுசாகப் படிக்காமல் இதைச் சொல்கிறவர்களை இருபது வருடமாகப் பார்க்கிறேன். அவர்கள் யாருமே தேடிப் போனதில்லை.

பிளாகரா வேர்ட்பிரஸ்ஸா என்றால், எதில் வேண்டுமானாலும் எழுதுங்கள். எழுதியதற்கு ஒரு பிரதியை மட்டும் உங்கள் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் அதில் பேச ஒன்றும் இல்லை.

நான் பேச வேண்டியது உங்கள் அறுபது சுட்டிகளைப் பற்றி. கடிதத்தைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. உங்கள் மேலும் கொஞ்சம், உங்கள் குழுவின் மேலும் கொஞ்சம், மிச்சம் என் மேலேயே. அறுபது சுட்டிகள் அனுப்பியவர்களில் ஒருவராவது "இன்னாருடைய பக்கத்தில் இந்தப் பதிவைப் படி, இதில் இது இருக்கிறது, எனக்கு இப்படிப் பட்டது" என்று நான்கு வரி எழுதினார்களா? எழுதியிருந்தால் நீங்கள் எனக்குக் கடிதமே போட்டிருக்க மாட்டீர்கள், அந்தப் பதிவைப் படித்துக்கொண்டு இருந்திருப்பீர்கள். இப்போது என்னிடம் வந்து இன்னும் பத்து கேட்கிறீர்கள். அறுபதோடு பத்து சேர்ந்தால் எழுபது. அதனால் யாருக்கு என்ன லாபம்?

இந்த வியாதி உங்கள் குழுவில் ஆரம்பித்தது இல்லை. 2004இல் தமிழ்மணம் என்கிற வலைப்பூத் திரட்டி வந்தபோது எங்களுக்கு அது பெரிய கொடை. யார் எங்கே புதிதாக எழுதினாலும் அந்த ஒரே இடத்தில் வந்து நிற்கும். வாரம் ஒருவரை நட்சத்திரப் பதிவராக உட்கார வைப்பார்கள். அந்த ஒரு வாரம் அவருடைய எழுத்தை ஊரே படிக்கும். எத்தனையோ பேரை நான் அப்படித்தான் கண்டுபிடித்தேன். அப்புறம் 'சூடான இடுகைகள்' வந்தது. எதை நிறையப் பேர் அழுத்தினார்களோ அது மேலே. அதில் மேலே வருவதற்கென்றே தலைப்பு வைக்க ஆரம்பித்தார்கள், தலைப்புச் சண்டை வந்தது. வலைச்சரம் என்று ஒன்று நடந்தது. வாரம் ஒருவர் ஆசிரியராகப் பொறுப்பேற்று, தான் விரும்பிப் படிக்கிறவர்களை அறிமுகம் செய்ய வேண்டும். எவ்வளவு நல்ல ஏற்பாடு! அதில் சிலர் ஒரு நாளைக்கு இரண்டே பேரை எடுத்துக்கொண்டு விரிவாக எழுதினார்கள். சிலர் ஒரே பதிவில் இருபது முப்பது பெயர்களை வரிசையாகக் கோத்துவிட்டுப் போனார்கள். கீழே பார்த்தால் அந்த இருபது பேரும் வந்து "அறிமுகத்துக்கு நன்றி" என்று பின்னூட்டம் போட்டிருப்பார்கள். ஒருவர் இன்னொருவரைப் படித்தாரா என்றால், இல்லை.

பல வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஓடையாக ஒரே இடத்தில் கொண்டுவந்து தரும் கூகுள் ரீடரை 2013 ஜூலை 1 அன்று மூடினார்கள். ஓடையில் சேர்த்து வைத்துப் படித்தவர்கள் அத்தோடு சிதறினார்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் ஓடையில் இருநூறு பேரைச் சேர்த்துவைத்து, படிக்காத பதிவுகளின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியதும் 'எல்லாம் படித்தாயிற்று' என்று ஒரே அழுத்தில் தள்ளியவர்கள்தானே நாம். நானும் தள்ளியிருக்கிறேன்.

சரி, என் கோபத்துக்குக் காரணம் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

எங்கள் ஊர் பரமத்தி வேலூர் பக்கம். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர், ஒரு கிணறு, ஒரு ஐந்து குதிரைத்திறன் மோட்டார். மும்முனை மின்சாரம் பகலில் கொஞ்ச நேரம், இரவில் கொஞ்ச நேரம் என்று முறை வைத்து வரும். இரவு முறை என்றால் அப்பா ஆட்டோ ஸ்டார்ட்டரைப் போட்டுவிட்டுக் கட்டிலில் படுத்துவிடுவார். கரண்ட் வந்தால் மோட்டார் தானாக ஓடும். ஒரு கோடையில் மூன்று தடவை மோட்டாரின் 'காயில்', அதாவது உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் கம்பிக் கட்டு, எரிந்தது. மூன்று தடவையும் மோட்டாரைக் கழற்றி, டிவிஎஸ் 50இல் கயிறு போட்டுக் கட்டி, அப்பா தனியாக டவுனுக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் மூன்று தடவையும் "ஓவர் லோடுங்க" என்று சொல்லிப் புதுக் காயில் கட்டிக் கொடுத்தார். மூன்றாவது தடவைக்கு அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. பயிர் காய்ந்த பிறகு மோட்டார் வந்தது. தன் கிணற்றில் ஏதோ தோஷம் என்று அப்பா நம்பத் தொடங்கியிருந்தார்.

இது நடந்து பல வருடம் கழித்து, 2008இல், சென்னையில் ஒரு ராத்திரி எதையோ தேடிக்கொண்டு போய் ஒரு வலைப்பூவில் விழுந்தேன். காயில் கட்டுகிற ஒருவர் எழுதுவது. சின்ன ஊர், சின்னக் கடை. கடையை மூடிவிட்டு பிரவுசிங் சென்டருக்குப் போய், அன்றைக்கு வந்த மோட்டாரைப் பற்றி எழுதுவார். யார் கொண்டுவந்தார், எத்தனை அடி கிணறு, என்ன ஆனது, எவ்வளவு கூலி, எவ்வளவு பாக்கி. ஒற்றுப்பிழை நிறைய. கவிதை எல்லாம் கிடையாது. நான் படித்த முதல் பதிவில் செல்போனில் எடுத்த மங்கலான படம் ஒன்று. மூடியைக் கழற்றிய மோட்டாரின் உள்வட்டம். அதைச் சுற்றி இருக்கிற செம்புக் கம்பிக் கட்டுகளில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் கரிக்கட்டை. பக்கத்திலேயே மற்ற இரண்டு பங்கும் வார்னிஷ் பளபளப்போடு புதுசாக இருக்கிறது.

அவர் எழுதியிருந்தது இதுதான். மோட்டாரைத் திறந்ததும் கரி எப்படி விழுந்திருக்கிறது என்று பாருங்கள். சுற்றிலும் ஒரே மாதிரி கருகியிருந்தால் பாரம் அதிகம், அல்லது வோல்டேஜ் குறைவு. இப்படிப் பங்கு போட்டுக் கருகியிருந்தால் மும்முனை மின்சாரத்தின் மூன்று ஃபேஸில் (முனையில்) ஒன்று வரவில்லை. காயில்களை உள்ளே இணைக்கிற முறை இரண்டு: டெல்டா இணைப்பு என்றால் ஒரு பங்கு கருகும், ஸ்டார் இணைப்பு என்றால் இரண்டு பங்கு கருகும். டிரான்ஸ்பார்மரில் ஒரு ஃபியூஸ் போயிருக்கும். மிச்ச இரண்டு ஃபேஸில் மோட்டார் கிளம்ப முடியாமல் உறுமிக்கொண்டே நிற்கும், நின்ற இடத்தில் வெந்து போகும். விவசாயி தூங்கிக்கொண்டிருப்பார். இதற்கு எத்தனை தடவை புதுக் காயில் கட்டினாலும் திரும்ப எரியும். ஃபேஸ் போனால் ஸ்டார்ட்டரை நிறுத்துகிற பிரிவென்ட்டர் ஒன்று மாட்டினால் போதும். "நான் காயில் கட்டிப் பிழைப்பவன். ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை" என்று முடித்திருந்தார்.

அந்தப் படத்தை நான் பார்த்திருக்கிறேன், ம. அப்பா திண்ணையில் வைத்துத் திறந்த எங்கள் மோட்டார் அதே மாதிரிதான் இருந்தது. "பாதி நல்லாத்தானே கண்ணு இருக்குது, அப்புறம் ஏன் ஓட மாட்டேங்குது" என்று என்னிடம் கேட்டார். எனக்கு அப்போது பதினைந்து வயது.

இரவு பதினோரு மணிக்கு அப்பாவுக்குப் போன் போட்டேன். பயந்துபோய் எடுத்தார். அந்தப் பதிவை முதல் வரியிலிருந்து கடைசி வரை வாசித்துக் காட்டினேன். நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி, திரும்பப் படிக்கச் சொன்னார். முடித்ததும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டார், "அந்தத் தம்பி எந்த ஊருன்னு கேட்டியா கண்ணு?" அடுத்த வாரம் பஸ் ஏறி அவர் கடைக்கே போய்விட்டார். கிணற்றுத் தோஷம் என்கிற பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை. அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. அவர் ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் மாட்டிய பிரிவென்ட்டர் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? அதே வருடம் என் பக்கத்தில் 'எனக்குப் பிடித்த பத்து வலைப்பூக்கள்' என்று ஒரு பதிவு போட்டேன். அதில் அவர் ஏழாவது. அவர் பக்கத்துக்கு நான் எழுதியது இவ்வளவுதான்: "மோட்டார் மெக்கானிக் ஒருவரின் சுவையான அனுபவங்கள். படித்துப் பாருங்கள்." அப்பாவிடம் முழுசாக வாசித்துக் காட்டத் தெரிந்த எனக்கு, வாசகர்களிடம் சொல்ல ஒரு வரிக்கு மேல் வரவில்லை. பாராட்டி 62 பின்னூட்டங்கள் வந்தன. எல்லாம் எனக்கு. சில நாள் கழித்து அவரிடமிருந்து ஒரு மடல். "என் பேரைப் போட்டதுக்கு ரொம்ப நன்றிக்கா. உங்க பக்கத்துல இருந்து ரெண்டு பேர் வந்தாங்க." வருகிறவர்களை எண்ணிக் காட்டுகிற பெட்டி ஒன்றை அவர் பக்கத்தில் வைத்திருந்தார். அதைத் தினமும் பார்ப்பார் போல. குறையாகச் சொல்லவில்லை, நிஜமாகவே சந்தோஷப்பட்டுத்தான் எழுதியிருந்தார். அந்த மடலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. 2012இல் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

அந்தக் கரி விழுந்த கம்பியைப் பற்றி அன்றைக்கே நான் எழுதியிருந்தால் எத்தனை பேர் தங்கள் அப்பாவுக்குப் போன் போட்டிருப்பார்கள்? அந்தப் பத்துப் பெயரில் ஒன்பதை எடுத்துவிட்டு அவர் ஒருவரைப் பற்றி மட்டும் எழுதியிருக்க வேண்டும். உங்களிடம் இவ்வளவு மல்லுக்கட்டுவது இதனால்தான்.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட புதுச்சேரியில் வணிகராகவும் அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகவும் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் எழுத ஆரம்பித்து, 1761இல் இறக்கும் காலம் வரை நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, துணி வியாபாரம் எப்படி, கவர்னரிடம் யார் என்ன சொன்னார்கள் என்று தன் கண்ணில் பட்டதையெல்லாம் பேச்சுத் தமிழில் எழுதி வைத்தார். அந்த ஏடுகள் அவர் குடும்பத்து வீட்டில் கிடந்தன. 1846இல் ஒரு பிரெஞ்சுக்காரர் அதை எடுத்துப் படித்துப் பார்த்துப் படி எடுக்க வைத்தார். எண்பத்தைந்து வருடம் ஆயிற்று, ஒருவர் பிரித்துப் பார்த்து 'இதில் இது இருக்கிறது' என்று அடுத்தவரிடம் சொல்ல. நம் காயில் கடைக்காரரின் எழுத்து அத்தனை வருடம் தாங்காது, சர்வரில் இருக்கிறது.

அதனால் உங்கள் குழுவுக்கு நான் பத்து தர மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. 26, 27 வயதில் அடுத்தவர் எழுத்தைத் தேடி அலைகிற ஒருவரைப் பார்த்தால் எனக்குச் சோறு ஊட்ட வேண்டும் போல இருக்கிறது. அந்த அறுபதில் திறக்காத முப்பதை, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைத்திருக்கும் வேபேக் மெஷின் தளத்தில் முகவரி கொடுத்துத் தேடிப் பாருங்கள், சிலது உள்ளே பத்திரமாக இருக்கும். திறந்ததில் ஏதாவது ஒன்றை மட்டும் எடுத்து, முதல் பதிவிலிருந்து படியுங்கள். பழைய பதிவுகள் வருட வாரியாக ஓரத்தில் இருக்கும். ஒரு மாதம் ஆகட்டும், அவசரம் இல்லை. மனதில் நிற்கிற ஒரு பதிவு கிடைத்தால் அதைப் பற்றிக் குழுவில் எழுதுங்கள். பெயரும் சுட்டியும் கடைசியில் வரட்டும். எழுதியவருக்கும் ஒரு வரி போடுங்கள். பத்து வருடத்துக்கு முந்தைய பதிவானாலும் பரவாயில்லை, பின்னூட்டம் போனால் பெரும்பாலும் மடலில் அவருக்குத் தெரிந்துவிடும்.

காயில் கடைக்காரரின் பக்கம் நான் சொன்ன பூட்டிய மூன்றில் ஒன்று. விவசாயிகளின் பெயரும் கடன் பாக்கியும் அதில் அப்படியே இருப்பதால் பூட்டி வைத்திருக்கிறார். கேட்கிறவர்களுக்கு மட்டும் அனுமதி தருகிறார். நேற்று அவரிடம் பேசினேன். இப்போது கடையை மகன் பார்க்கிறார். "ஓசூர்ல இருந்து ஒரு தம்பி படிக்கணும்னு கேட்குது" என்று சொன்னேன். மடல் முகவரி அனுப்பச் சொன்னார். உங்களுக்கு அழைப்பு வரும். முதலில் அந்தப் படம் போட்ட பதிவைப் படியுங்கள், படம் சரியாகத் தெரியாது, பெரிதாக்கிப் பாருங்கள். படித்துவிட்டு என்ன தோன்றியது என்று எனக்கு எழுத வேண்டாம், அவருக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா