‘உலகத்திலேயே முதல்’ என்று ஆரம்பிக்காதீர்கள்: 1966–69 கேள்வி பதில்

1966 முதல் 1969 வரை வந்த ரெக்கார்டு, சினிமா, டிவி பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னேன். கேள்விகள் குவிந்துவிட்டன. நான் பேராசிரியர் இல்லை; ரெக்கார்டு பிளேயர் ரிப்பேர் பார்த்தவன். மூர் மார்க்கெட் எரிவதற்கு முன்னால் அங்கே வாங்கிய தட்டுகள் இன்னும் இரண்டு பீரோ நிறைய இருக்கின்றன. விலை மட்டும் கேட்காதீர்கள். ‘உலகத்திலேயே முதன்முதலில்’ என்று தொடங்கும் கேள்விக்குப் பதில் கொஞ்சம் காரமாகத்தான் வரும்.

திருச்சி வாசகி: பீட்டில்ஸின் ‘சார்ஜென்ட் பெப்பர்’ (1967) தானே ஒரே கருத்தில் கோத்த, உலகத்தின் முதல் கான்செப்ட் ஆல்பம்?

பார்த்தீர்களா, முதல் கேள்வியே ‘முதல்’. இல்லை அம்மா. ஒரே மனநிலையில் தட்டு முழுக்கப் பாடுவதை ஃபிராங்க் சினாட்ரா 1955-லேயே செய்துவிட்டார். பெப்பரிலும், பீட்டில்ஸ் வேறொரு கற்பனை பேண்டாக வேஷம் போடும் கதை முதல் இரண்டு பாட்டோடு கரைந்துவிடுகிறது, கடைசியில் ஒருமுறை தலைகாட்டுகிறது. தன் பாட்டுகளுக்கும் அந்தக் கதைக்கும் சம்பந்தமே இல்லை என்று பீட்டில்ஸின் ஜான் லெனனே பிற்பாடு சொன்னார்.

அந்தத் தட்டு மைல்கல்லானது செய்த விதத்தால். 1966 ஆகஸ்ட் 29, சான் ஃபிரான்சிஸ்கோ கச்சேரியோடு ஊர் ஊராகப் போவதை நிறுத்திவிட்டார்கள். 1963-ல் முதல் எல்பியின் பெரும்பகுதியை ஒரே நாளில் பாடி முடித்தவர்கள், இதற்கு ஸ்டூடியோவிலேயே ஐந்து மாதம் குடியிருந்தார்கள். கையில் இருந்ததோ நாலு டிராக் மெஷின், அதாவது நாலு ஒலியை மட்டும் தனித்தனியாகப் பதியும் டேப் மெஷின். நாலே அடுப்பில் கல்யாண விருந்து சமைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நாலும் நிரம்பியதும் எல்லாவற்றையும் கலந்து இன்னொரு டேப்பில் ஒரு டிராக்குக்கு ஊற்றிவிட வேண்டும். மீதி மூன்று அடுப்பு மறுபடி காலி. ஆனால் ஊற்றியதைத் திரும்பப் பிரிக்க முடியாது, ஒவ்வொரு முறையும் டேப் இரைச்சல் கொஞ்சம் ஏறும். அதனால் உப்பு புளி எல்லாம் அப்போதே சரியாக இருந்தாக வேண்டும். இன்றைக்கு நூறு டிராக் வைத்துக்கொண்டு ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்கிறார்களே, அந்த வசதி கிடையாது.

கடைசிப் பாட்டு ‘எ டே இன் த லைஃப்’-க்கு அதுவும் போதவில்லை. இரண்டு நாலு டிராக் மெஷின்களைச் சேர்த்து ஓட்ட ஸ்டூடியோ இன்ஜினியர் கென் டவுன்சென்ட் ஒரு வழி கண்டுபிடித்தார். 40 வாத்தியக்காரர்களை உட்காரவைத்து, தங்கள் வாத்தியத்தின் மிகத் தாழ்ந்த சுரத்தில் ஆரம்பித்து 24 பாரில் (தாள வட்டத்தில்) உச்சிக்குப் போங்கள், பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து போகாதீர்கள் என்றார்கள். ஒழுங்காக வாசித்தே பழகியவர்களுக்கு அது எவ்வளவு கஷ்டம்! முடிவில் பியானோக்களில் ஒரே நேரத்தில் ஒரு அடி. அது தேயத் தேய இன்ஜினியர் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போகிறார். நாற்பது நொடிக்கு மேல் நிற்கிறது. நல்ல பிளேயரில் கேட்டால் அந்த அறையின் மூச்சுகூடக் கேட்கும்.

சேலத்துக்காரர்: அதன் அட்டையில் காந்தி இருந்தார் என்பது உண்மையா?

படம் எடுக்கும்போது இருந்தார். இந்தியாவில் தட்டு விற்காது என்று ரெக்கார்டு கம்பெனி இஎம்ஐயின் தலைவர் ஜோசப் லாக்வுட் பயந்ததால் எடுத்துவிட்டார்கள். ஆனால் யோகானந்தர், அவர் குரு யுக்தேஸ்வர், அவருடைய குரு லாஹிரி மகாசயர், பாபாஜி என்று குரு பரம்பரையே அட்டையில் உண்டு. பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசன் கொடுத்த பெயர்கள்.

பெயர் வேண்டாம்: எங்கள் வீட்டுப் பரணில் பீட்டில்ஸ் ரெக்கார்டு கிடைத்தது. எவ்வளவு போகும்?

முன்னுரையைப் படியுங்கள்.

தஞ்சாவூர் ரசிகர்: வுட்ஸ்டாக்கில் சிதார் ரவிசங்கர்தான் கதாநாயகர் என்கிறார்களே?

பலர் கலந்து குழப்பிக்கொள்ளும் இடம் இது. அமெரிக்காவின் வுட்ஸ்டாக் இசை விழா வுட்ஸ்டாக்கில் நடக்கவே இல்லை. பெதெல் என்ற ஊரில், மேக்ஸ் யாஸ்கர் என்பவருடைய பால் பண்ணையில் நடந்தது. 1969 ஆகஸ்ட் 15, முதல் நாள் இரவு, மழையில் ரவிசங்கர் வாசித்தார். அது அவருக்கு மனநிறைவான கச்சேரி இல்லை.

அவருக்கான மேடை அதற்கு இரண்டு வருஷம் முன்னால், கலிபோர்னியாவின் மான்டரே இசை விழா. 1967 ஜூன் 18, ஞாயிறு மத்தியானம் முழுக்க அவருக்கே. தபலாவில் அல்லா ரக்கா, தம்புராவில் கமலா சக்ரவர்த்தி. அன்று இரவு அதே மேடையில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கிட்டாரைக் கொளுத்தினார். வாத்தியத்தைத் தெய்வமாக நினைக்கிறவரால் அதைத் தாங்க முடியவில்லை என்று ரவிசங்கரே சொல்லியிருக்கிறார். சரஸ்வதி பூஜைக்கு வாத்தியத்துக்குச் சந்தனப் பொட்டு வைக்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மேல்நாட்டு மேடையில் நம்மவர் என்று இன்னும் மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். 1966 அக்டோபர் 23, ஐ.நா. சபையில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடினார். காஞ்சிப் பெரியவர் எழுதிய ‘மைத்ரீம் பஜத’வும் ராஜாஜியின் ஆங்கிலப் பிரார்த்தனையும் அங்கே பாடப்பட்டவை. மூவருக்கும் இதுவே பதில்.

ரெண்டுகாது: ஐயா, நீங்கள் எல்லா ஒலியும் ஒன்றாக வரும் மோனோ கட்சி என்று கேள்வி. கடவுள் கொடுத்தது ரெண்டு காது. பெப்பரை ஒற்றை ஸ்பீக்கரில் கேட்பது வெறும் பழம்பெருமைதானே?

பழம்பெருமை இல்லை தம்பி. 1967-ல் இங்கிலாந்தில் பெரும்பாலான வீடுகளில் இருந்தது மோனோ பிளேயர். அதனால் பீட்டில்ஸ் கூடவே உட்கார்ந்து, இழைத்து இழைத்துச் செய்தது மோனோ மிக்ஸ். ஒலியை இடம், வலம் என்று பிரிக்கும் ஸ்டீரியோ மிக்ஸைத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் இன்ஜினியர் ஜெஃப் எமெரிக்கும் அவர்கள் இல்லாமலேயே சீக்கிரம் முடித்தார்கள். பெயர் ஒன்று, அட்டை ஒன்று, தட்டு இரண்டு.

உதாரணம்: வீட்டை விட்டுப் போகும் பெண்ணின் பாட்டு, ‘ஷீஸ் லீவிங் ஹோம்’. மோனோவில் டேப்பை வேகமாக ஓட்டியிருக்கிறார்கள். நம் கணக்கில் சொன்னால் ஸ்டீரியோ மூணு கட்டை, மோனோ கிட்டத்தட்ட நாலு கட்டை. மூணுக்கும் நாலுக்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லை, அரைச்சுரம்தான் வித்தியாசம். ஆனால் ஸ்டீரியோவில் அந்தப் பெண் வாசலில் நின்று யோசித்துக்கொண்டிருக்கிறாள், மோனோவில் கிளம்பிவிட்டாள்.

அந்தக் காலத்து ஸ்டீரியோவில் பல பாட்டுகளில் குரல் ஒரு பக்கம், தாளம் மறு பக்கம். கோயில் புறப்பாட்டில் நாயனம் கிழக்கு வீதியிலும் தவில் மேற்கு வீதியிலும் போனால் கேட்பீர்களா?

ரெண்டுகாது மறுபடியும்: ‘எ டே இன் த லைஃப்’ ஸ்டீரியோவில் லெனன் குரல் வலது பக்கம் ஆரம்பித்து மெல்ல இடது பக்கம் நகர்ந்து போகும். உங்கள் மோனோவில் அது உண்டா?

இல்லை. அந்த ஒரு பாட்டுக்கு நானே ஹெட்டை (ஊசி இருக்கும் தலையை) மாற்றிவிட்டு ஸ்டீரியோ தட்டைத்தான் போடுகிறேன். (ஹெட்டை மாற்றாமல் போடாதீர்கள். பழைய மோனோ ஊசி மேலும் கீழும் வளையாது, ஸ்டீரியோ தட்டின் பள்ளத்தைச் சீவிவிடும்.)

மதுரைப் பக்கம்: நானும் சேர்ந்துகொள்கிறேன். பீட்டில்ஸின் 1968 வெள்ளை ஆல்பத்தில் ‘ஹெல்டர் ஸ்கெல்டர்’ முடியும்போது, விரலெல்லாம் கொப்புளம் என்று டிரம்மர் ரிங்கோ கத்துவாரே, அது மோனோவில் இல்லவே இல்லை. பாட்டே நீளம் குறைவு. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

சரியான இடத்தில் பிடித்துவிட்டீர்கள். அந்தக் கத்தல் இல்லாமல் அந்தப் பாட்டுக்கு முடிவே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். பீட்டில்ஸ் ஆல்பங்களில் மோனோவுக்கென்று தனியாக மிக்ஸ் செய்தது அதோடு முடிந்தது. 1969 ‘ஆபி ரோடு’ இங்கிலாந்தில் ஸ்டீரியோவில் மட்டும்தான் வந்தது. அதற்குள் எட்டு டிராக் மெஷினும் வந்துவிட்டது, அவர்களும் ஸ்டீரியோவை மனதில் வைத்தே வேலை செய்தார்கள். ஆக 67 வரை மோனோ, 69-ல் ஸ்டீரியோ, 68 தகராறு. இதுதான் என் கட்சி.

கோவை மாணவர்: இதையெல்லாம் படித்துத் தலை சுற்றுகிறது. நான் எதைக் கேட்பது?

1987-ல் வந்த பெப்பர் சிடி ஸ்டீரியோ. மோனோ வேண்டுமென்றால் 2009-ல் வந்த மோனோ பெட்டி. 2017-ல் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ், கலப்பதற்கு முந்தைய டேப்புகளை எடுத்துப் புதிதாக ஸ்டீரியோ மிக்ஸ் செய்தார். பழைய மோனோவைத்தான் வழிகாட்டியாக வைத்துக்கொண்டார். இதை ரெண்டுகாது கவனிக்கவும்.

ரெண்டுகாது: ஸ்டீரியோவாகத்தானே செய்தார்! நான் ஜெயித்தேன்.

சரி. அடுத்தவர்களும் காத்திருக்கிறார்கள்.

வேலூர்க்காரர்: நிலவில் இறங்கியதை ஸ்டான்லி குப்ரிக் ஸ்டூடியோவில் எடுத்தார் என்கிறார்களே?

1968-ல் ‘2001’ என்ற விண்வெளி சினிமாவை எடுத்தவர் ஏமாற்ற நினைத்திருந்தால் படம் இன்னும் நன்றாக வந்திருக்கும். நிலவிலிருந்து வந்ததோ நொடிக்கு 10 ஃபிரேம், 320 வரி. அதைத் தரை நிலையங்களில் சாதாரண டிவிக்கு மாற்றும்போது இன்னும் மங்கிப்போனது. ஆரம்பத்தில் படம் தலைகீழாகக்கூட வந்தது. கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனிலும் ஆஸ்திரேலியாவின் ஹனிசக்கிள் கிரீக், பார்க்ஸ் நிலையங்களிலும் ஆன்டெனாவை நிலவை நோக்கித் திருப்பிப் பிடித்த சிக்னல் அது.

ஈரோடு: 2001 படத்து கம்ப்யூட்டர் ஹால் (HAL). அதன் ஒவ்வொரு எழுத்தையும் ஒன்று தள்ளினால் ஐபிஎம் (IBM) கம்ப்யூட்டர் கம்பெனி. வேண்டுமென்றே வைத்ததுதானே?

குப்ரிக்கோடு சேர்ந்து கதை எழுதிய, கொழும்பில் குடியிருந்த ஆர்தர் கிளார்க் கடைசிவரை மறுத்தார். தற்செயல் என்றார். ஆனால் ஐபிஎம் வாசனை வேறு வழியில் உண்மையாகவே உண்டு. ஹாலின் நினைவு தப்பும்போது அது ‘டெய்சி’ என்ற பழைய பாட்டைப் பாடுகிறதே, 1961-ல் பெல் ஆய்வகத்தில் ஐபிஎம் 704 கம்ப்யூட்டரைப் பாடவைத்த பாட்டு அது. கிளார்க் அங்கே போயிருந்தபோது கேட்டார்.

கடலூர்: நிலவுப் படம் குப்ரிக் எடுத்ததா?

இரண்டு கேள்வி மேலே.

விழுப்புரம்: அமெரிக்க டிவி தொடர் ஸ்டார் டிரெக்கில் வந்ததுதானே உலக டிவியில் வெள்ளையரும் கறுப்பரும் கொடுத்துக்கொண்ட முதல் முத்தம்?

1968 நவம்பர் 22. நல்ல துணிச்சல். ‘முதல்’ இல்லை, பிரிட்டிஷ் டிவியில் 1962-லேயே வந்துவிட்டது. இந்தச் சொல்லை விட்டுத்தொலையுங்கள் என்று எத்தனை தரம் சொல்வது?

கும்பகோணம்: 1968 ‘தில்லானா மோகனாம்பாள்’ நாதஸ்வரம் யார் வாசித்தது?

மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். சிவாஜியின் கன்னமும் கழுத்து நரம்பும் அவர்கள் மூச்சோடு ஒத்துப்போவதைப் பாருங்கள். இசை கே.வி. மகாதேவன். மற்றதை நாதஸ்வரக்காரர்களிடம் கேளுங்கள், எனக்கு ஊசிதான் தெரியும்.

நாமக்கல்: ஊசி தாவுகிறது. மேலே எட்டணா வைக்கலாமா?

வைக்காதீர்கள். பாரத்தை ஏற்றினால் தாவாது, தட்டையே அரைக்கும். ஊசியைத் துடையுங்கள், ஊசியைத் தாங்கும் பிளேயரின் கை தாராளமாக அசைகிறதா பாருங்கள்.

சென்னைப் பேரன்: என் தாத்தா 1969-ல் மெட்ராஸில், ராத்திரி முழுக்கக் கண்விழித்து நிலவில் இறங்கியதை டிவியில் பார்த்ததாகச் சொல்கிறார். சரிதானே?

மெட்ராஸுக்கு டிவி வந்தது 1975 ஆகஸ்ட் 15-ல். அவசரப்பட்டுத் தாத்தாவைப் பொய்யராக்கிவிடாதீர்கள். விண்கலம் தரை தொட்டது நம் நேரப்படி ஜூலை 21 பின்னிரவு 1.47. ஆம்ஸ்ட்ராங் காலை வைத்தது காலை 8.26. ராத்திரி விழித்தது நிஜமாகத்தான் இருக்கும். எதிரே இருந்தது ரேடியோ.

குப்ரிக் சந்தேகம்: நிலவில் கொடி ஆடியதே, ஸ்டூடியோ ஃபேன் காற்றுதானே—

வேண்டாம்.

சென்னைப் பேரன்: தாத்தாவிடம் கேட்டேன். ‘ஆமாம்டா, ரேடியோதான். படத்தைத் தியேட்டரில் பார்த்தேன், மெயின் பிக்சருக்கு முன்னாடி போட்டான்’ என்கிறார்.

சரியாகப் பொருந்துகிறது. ஃபிலிம்ஸ் டிவிஷன் நியூஸ் ரீலைப் படத்துக்கு முன்னால் கட்டாயம் ஓட்ட வேண்டிய காலம் அது. ஆறு வருஷம் கழித்து வந்த டிவிப் பெட்டிக்குள் அதை மனசு எடுத்து வைத்திருக்கிறது. எந்தத் தியேட்டர், அன்றைக்கு மெயின் பிக்சர் என்ன? அவர் தூங்கப் போவதற்கு முன்னால் கேட்டு எழுதுங்கள்.