இந்தியச் செயற்கைக்கோள்களின் கதை: கேள்வி பதில்

இந்தியாவின் செயற்கைக்கோள் திட்டம் எப்படித் தொடங்கியது, எங்கே சறுக்கியது, எப்படித் தேறியது என்று கேட்டு வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நின்ற நாட்டுக்கு 1960களில் ராக்கெட் எதற்கு? வெறும் கௌரவச் செலவுதானே?

இந்தக் கேள்வியை அன்றே கேட்டார்கள். இந்திய விண்வெளித் திட்டத்தைத் தொடங்கிவைத்த விக்ரம் சாராபாயும் தட்டிக்கழிக்காமல் பதில் சொன்னார். நிலவுக்கு ஆள் அனுப்புவதில் பணக்கார நாடுகளோடு போட்டி போடும் கனவு நமக்கில்லை, ஆனால் மக்களின் அன்றாடப் பிரச்சினைகளுக்கு உயர் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவதில் யாருக்கும் பின்தங்கக் கூடாது என்பது அவர் நிலைப்பாடு. சொல்வதோடு அவர் நிற்கவில்லை என்பதற்கு 'சைட்' என்ற தொலைக்காட்சிச் சோதனை சாட்சி.

1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை, நாசாவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளை ஓராண்டுக்குக் கடனாக வாங்கினார்கள். ஆந்திரம், பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிசா, ராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களில் பொதுத் தொலைக்காட்சிப் பெட்டி வைத்தார்கள். கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பிவலையைக் கொண்டே மூன்று மீட்டர் அகலத்துக்கு ஆன்டெனா. மின்சாரம் வராத ஊர்களில் பேட்டரி. பயிர், உடல்நலம், குடும்ப நலம், பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் என்று நிகழ்ச்சிகள் நேராக ஊர்ப் பொது இடத்துக்கு வந்து இறங்கின. அந்த ஊர்களில் பெரும்பாலானவற்றுக்கு அதற்கு முன் நல்ல சாலைகூட வந்ததில்லை.

ஆண்டு முடிந்ததும் செயற்கைக்கோள் திரும்பப் போய்விட்டது, திரைகள் இருண்டன. ஆனால் நிகழ்ச்சி தயாரிப்பது, பெட்டி பழுதானால் ஊருக்கே போய்ச் சரிசெய்வது, பார்த்தவர்களிடம் என்ன மாற்றம் வந்தது என்று ஆராய்வது எல்லாம் நம்மவர்களுக்குக் கைவந்திருந்தன. சொந்தமாகத் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் ஒன்று கூட இல்லாதபோதே அதை என்ன செய்வது என்பது தெரிந்துவிட்டது. இந்தியத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த வரிசைதான். சாராபாய் இதைப் பார்க்கவில்லை. 1971 டிசம்பர் 30 அன்று கோவளத்தில் காலமானார்.

கேள்வி: தொடக்கத்துக்குத் தும்பாவைத் தேர்ந்தெடுத்தது ஏன்? மாதா கோவிலில் ராக்கெட் செய்தார்கள் என்பது உண்மையா?

உண்மைதான். பூமியின் காந்த நடுக்கோடு திருவனந்தபுரத்தை ஒட்டிய அந்த மீனவக் கிராமத்தின் அருகே செல்கிறது. அந்தக் கோட்டுக்கு மேலே, தரையிலிருந்து ஏறத்தாழ 100 கி.மீ. உயரத்தில், மின்னோட்டம் ஒன்று பட்டையாக ஓடுகிறது. பலூன் அவ்வளவு உயரம் போகாது, செயற்கைக்கோள் அவ்வளவு கீழே நிலைக்காது. சிறு ராக்கெட் விட்டுத்தான் அதை அளக்க முடியும். மீனவ மக்கள் நிலத்தையும் புனித மரிய மகதலேனா ஆலயத்தையும் விட்டுக்கொடுத்தார்கள். ஆயர் இல்லம் அலுவலகமாக மாறியது.

1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. ராக்கெட் அமெரிக்காவினுடையது, அதில் வைத்த சோடியம் ஆவிக் கருவி பிரான்சினுடையது. பனிப்போர் உச்சத்தில் இருந்த நாட்களில் சோவியத் ஒன்றியமும் அதே தளத்துக்கு உதவியது. தும்பா 1968இல் ஐ.நா.வுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

கேள்வி: பாகிஸ்தான் நமக்கு முன்பே ராக்கெட் விட்டதாகப் படித்தேன். சரியா?

சரி. அவர்களது விண்வெளி அமைப்பான சுபார்கோ 1961இல் உருவானது. 1962 ஜூனிலேயே கராச்சிக்கு அருகே சோன்மியானியிலிருந்து ரெஹ்பர்-1 ராக்கெட் ஏறியது. தும்பாவின் முதல் ராக்கெட்டுக்கு ஓராண்டுக்கும் மேல் முந்தியது. ஆனால் அவர்களின் முதல் செயற்கைக்கோளான பத்ர்-1 விண்ணுக்குப் போனது 1990இல், அதுவும் சீன ராக்கெட்டில். திறமையில் அவர்கள் குறைந்தவர்கள் என்று நான் நினைக்கவில்லை. இங்கே ஆட்சிகள் மாறியும் திட்டத்துக்கான ஆதரவு அறுபடவில்லை. 1972இல் விண்வெளித் துறையைத் தனியாக அமைத்து, அதைப் பிரதமரின் நேரடிப் பொறுப்பில் வைத்தார்கள். அமெரிக்காவில் இருந்த விஞ்ஞானி சதீஷ் தவனை இந்திய விண்வெளி ஆய்வு அமைப்பான இஸ்ரோவின் தலைமை ஏற்க அழைத்தபோது, இந்திய அறிவியல் கழக இயக்குநராகவும் தொடர்வேன், தலைமையகம் பெங்களூரில் இருக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகள் வைத்தார். இரண்டையும் ஏற்றார்கள்.

கேள்வி: ஆர்யபட்டா ஐந்தே நாளில் பழுதாகிவிட்டதாமே? அதை ஏன் வெற்றி என்கிறோம்?

ஆர்யபட்டா இந்தியாவின் முதல் செயற்கைக்கோள். 1975 ஏப்ரல் 19 அன்று சோவியத் ராக்கெட்டில், காபுஸ்டின் யார் தளத்திலிருந்து போனது. எடை 360 கிலோ. எக்ஸ் கதிர், சூரியன், மேல் வளிமண்டலம் ஆகியவற்றை ஆராய மூன்று சோதனைக் கருவிகள் அதில் இருந்தன. ஐந்தாம் நாள் மின்வழங்கியில் கோளாறு வந்து அவை நின்றுபோயின. அறிவியல் பலன் கொஞ்சம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் கலம் பல ஆண்டுகள் தொடர்பில் இருந்தது. அதைச் செய்த இடத்தை நினைத்துப் பாருங்கள். பெங்களூர் பீனியா தொழிற்பேட்டையில், கல்நார்க் கூரை போட்ட கொட்டகைகள். யூ.ஆர். ராவ் தலைமையில் வேலை செய்த இளைஞர்களில் அதற்கு முன் ஒரு செயற்கைக்கோளைத் தொட்டுப் பார்த்தவர் யாரும் இல்லை. வெப்பக் கட்டுப்பாடு, சூரிய மின்தகடு, தரைநிலையத் தொடர்பு என்று ஒவ்வொன்றையும் அங்கேதான் கற்றார்கள். நான்கே ஆண்டில் பாஸ்கரா-1 செயற்கைக்கோள் பறந்தது. ஆர்யபட்டா அந்த அணியை உருவாக்கியது என்பதால்தான் வெற்றி என்கிறேன்.

கேள்வி: மாட்டு வண்டியில் செயற்கைக்கோளை வைத்து இழுத்துப் போகும் படத்தைப் பார்த்தால் பெருமைப்படுவதா, வருத்தப்படுவதா?

அது 'ஆப்பிள்' என்ற தகவல்தொடர்புச் செயற்கைக்கோள். லாரி வாங்கக் காசில்லாமல் வண்டி பிடித்ததாக எண்ணி வருந்துகிறவர்கள் பலர். அந்தப் படத்தில் நடப்பது ஓர் ஆன்டெனா சோதனை. லாரியின் இரும்பு உடல் ரேடியோ அலைகளைத் திருப்பிவிட்டு அளவீட்டைக் கெடுக்கும். உலோகம் அதிகம் இல்லாத ஒரு மேடைமீது கலத்தை வைத்து, திறந்த வெளியில் அளக்க வேண்டும். மரவண்டி அதற்குப் பொருத்தமாக இருந்தது, கையருகிலும் இருந்தது. பொறியாளர் செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறார்கள்.

ஆப்பிளின் முழுக் கதையும் அப்படிப்பட்டதுதான். ஐரோப்பியர்கள் தங்கள் புதிய ஏரியன் ராக்கெட்டின் சோதனை ஓட்டத்தில் இலவசமாக இடம் தருவதாகச் சொன்னார்கள். சோதனை ஓட்டம் என்றால் வெடித்துச் சிதறவும் கூடும். நம்மவர்கள் துணிந்து ஏற்றார்கள். திட்ட இயக்குநர் ஆர்.எம். வாசகம், பிற்பாடு அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர். கலத்தைப் புவிநிலைப் பாதைக்கு, அதாவது பூமியோடு சேர்ந்து சுற்றி ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும் பாதைக்கு, தள்ளும் மோட்டாரைத் தனியாக வாங்கவில்லை, நம் எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் நான்காம் கட்டத்தையே மாற்றியமைத்துப் பொருத்தினார்கள். 1981 ஜூன் 19 அன்று ஏவப்பட்டது. மேலே போனதும் இரண்டு சூரியத் தகடுகளில் ஒன்று விரிய மறுத்தது. பாதி மின்சாரத்தையும், சூட்டேறும் கலத்தையும் வைத்துக்கொண்டு இரண்டு ஆண்டுக்கு மேல் ஓட்டினார்கள். புவிநிலைச் செயற்கைக்கோளை நிர்வகிக்க இதைவிடக் கடுமையான பயிற்சி கிடைத்திருக்காது. எனக்கு அந்தப் படத்தைப் பார்த்தால் பெருமைதான்.

கேள்வி: எஸ்.எல்.வி.-3 முதல் முறை விழுந்தது எதனால்? கலாம் அவர்களின் தவறா?

1979 ஆகஸ்ட் 10. இரண்டாம் கட்டத்தைத் திசைதிருப்பும் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. நைட்ரிக் அமிலம் கசிந்து தீர்ந்தது. முதல் கட்டம் நன்றாக எரிந்து பிரிந்தது. இரண்டாம் கட்டம் பற்றியபோது திசையைப் பிடித்து நிறுத்த அமிலம் இல்லை. ராக்கெட் தடுமாறி வங்கக் கடலில் விழுந்தது.

திட்ட இயக்குநர் என்ற முறையில் பொறுப்பு கலாமுடையது. ஆனால் அன்று நிருபர்கள் முன் உட்கார்ந்து பொறுப்பை ஏற்றவர் தலைவர் தவன். 1980 ஜூலை 18 அன்று 35 கிலோ எடையுள்ள ரோகிணி சுற்றுப்பாதையை அடைந்தபோது, நிருபர்களைச் சந்திக்கும்படி கலாமை அனுப்பினார். இதைக் கலாமே பல மேடைகளில் நெகிழ்ந்து சொல்லியிருக்கிறார். தோல்விக்குப் பிறகு யாரையும் பலிகொடுக்காமல், கோளாறை மட்டும் தேடிப் பிடிக்கும் பழக்கம் அங்கே வேரூன்றியது. அதில்லாமல் அடுத்த பத்தாண்டுகளைத் தாண்டியிருக்க முடியாது. அடுத்த ராக்கெட்டான ஏ.எஸ்.எல்.வி. 1987இல் விழுந்தது, 1988இலும் விழுந்தது. 1993இல் அதற்கடுத்த ராக்கெட்டான பி.எஸ்.எல்.வி.யின் முதல் ஓட்டமும் தோல்வி. அந்த பி.எஸ்.எல்.வி.தான் 2017 பிப்ரவரி 15 அன்று ஒரே ஏவலில் 104 செயற்கைக்கோள்களைச் சுமந்தது.

கேள்வி: விகாஸ் எஞ்சின் பிரான்சிடம் வாங்கியதா, நாமே செய்ததா?

இரண்டும். விகாஸ் என்பது திரவ எரிபொருளில் ஓடும் ராக்கெட் எஞ்சின். அதற்கு மூலமான பிரான்சின் வைகிங் எஞ்சின் அப்போது உருவாகிக்கொண்டிருந்தது, அவர்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1974இல் ஒப்பந்தம் போட்டோம். நம் பொறியாளர்கள் அங்கே போய் வேலை செய்வார்கள், அழுத்தம் அளக்கும் கருவிகளை நாம் செய்து கொடுப்போம், பதிலுக்குத் தொழில்நுட்பம் நமக்கு. நம்பி நாராயணன் அந்த அணியில் முக்கியமானவர். திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் திரவ எஞ்சின்களுக்கான சோதனைத் தளம் அமைந்தது. பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் கட்டம் முதல் சந்திரயான்-3ஐக் கொண்டுபோன எல்.வி.எம்.-3 வரை இன்றும் விகாஸ்தான் சுமக்கிறது.

கேள்வி: கிரையோஜெனிக் எஞ்சினை அமெரிக்கா தடுத்தது நமக்கு நன்மையாக முடிந்தது என்கிறார்களே?

நான் அப்படிச் சொல்லமாட்டேன். கிரையோஜெனிக் என்பது மிகக் குளிர்ந்த திரவ வாயுக்களை எரித்து ஓடும் எஞ்சின். 1991இல் சோவியத் ஒன்றியத்தின் கிளாவ்காஸ்மோஸ் நிறுவனத்துடன் எஞ்சினும் தொழில்நுட்பமும் சேர்த்து ஒப்பந்தம் ஆனது. ஏவுகணைக்குப் பயன்படும் என்று காரணம் காட்டி, 1992 மே மாதம் அமெரிக்கா இரு தரப்பின் மீதும் தடை போட்டது. மைனஸ் 253 டிகிரியில் வைக்க வேண்டிய திரவ ஹைட்ரஜனை நிரப்பிக்கொண்டு எந்த ஏவுகணையும் தயார்நிலையில் காத்திருக்க முடியாது. அந்தக் காரணம் அன்றே வலுவற்றது. சோவியத் ஒன்றியம் கலைந்தபின் அந்த ஒப்பந்தத்தை ஏற்றிருந்த ரஷ்யா பின்வாங்கியது. செய்து முடித்த எஞ்சின்கள் மட்டும் வந்தன, செய்முறை வரவில்லை.

விலை ஏறத்தாழ இருபது ஆண்டு. 2010 ஏப்ரலில் நம் சொந்த கிரையோஜெனிக் கட்டத்தோடு போன ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் கடலில் விழுந்தது. 2013 ஆகஸ்டில் ஏவுவதற்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று முன், இரண்டாம் கட்டத்தில் எரிபொருள் கசிவதைக் கண்டு நிறுத்தினார்கள். தொட்டியின் அலுமினியக் கலவையே நாளடைவில் விரிசல் விடுகிறது என்று கண்டு, வேறு கலவையில் புதிதாகச் செய்தார்கள். 2014 ஜனவரி 5 அன்று வெற்றி கிடைத்தது. அந்தப் பொறியாளர்களின் விடாமுயற்சியைக் கொண்டாடுவோம். அதற்காகத் தடைக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆண்டுகளில் கனமான செயற்கைக்கோள் ஒவ்வொன்றுக்கும் ஏரியனுக்குக் கட்டணம் கட்டி அனுப்பினோம்.

கேள்வி: புயல் எச்சரிக்கையில் செயற்கைக்கோளால் உண்மையில் உயிர்கள் பிழைத்தனவா?

நான் கடலோரத்துக்காரன், இதை உணர்ந்தே எழுதுகிறேன். 1977 நவம்பரில் ஆந்திரக் கடலோரத்தைத் தாக்கிய புயலில் பத்தாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். 1982இல் அமெரிக்காவில் செய்வித்த இன்சாட்-1ஏ செயற்கைக்கோள் சில மாதங்களிலேயே செயலிழந்தது. 1983 ஆகஸ்டில் சேலஞ்சர் விண்ணோடத்தில் போன இன்சாட்-1பி நின்று நிலைத்தது. அதன் பிறகு மேகப் படங்கள் நம் கலத்திலிருந்தே வந்தன. அதே கலத்தின் வழியாக எச்சரிக்கையும் போனது. வட தமிழக, தென் ஆந்திரக் கடலோரங்களில் முதலில் சிறப்பு வாங்கிகள் வைத்தார்கள். ஆபத்துள்ள மாவட்டத்தின் குறியீட்டை மட்டும் அனுப்பினால், அங்கிருக்கும் பெட்டிகள் மட்டும் சைரன் ஒலித்து, உள்ளூர் மொழியில் செய்தியைச் சொல்லும். தந்திக் கம்பி அறுந்தாலும் செய்தி போய்ச் சேரும். 1990 மே மாதம் அதே ஆந்திரக் கடலோரத்தில் அதே போன்ற கடும் புயல் வந்தது. இறந்தவர்கள் ஆயிரத்துக்குள்.

ஆனால் 1999இல் ஒரிசாவைத் தாக்கிய புயலில், செயற்கைக்கோள் படம் இருந்தும் ஏறத்தாழ பத்தாயிரம் பேரை இழந்தோம். ஒதுங்க உறுதியான கட்டிடம் இல்லை, ஆட்களை அப்புறப்படுத்தும் ஏற்பாடும் போதவில்லை. பிறகு புயல் பாதுகாப்பு மையங்கள் கட்டினார்கள். 2013இல் பைலின் புயல் வந்தபோது ஏறத்தாழ பத்து லட்சம் பேரை முன்கூட்டியே நகர்த்தினார்கள். உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. வானத்தில் உள்ள கண் பார்த்ததைக் கேட்டு நடக்கத் தரையில் ஏற்பாடு வேண்டும்.

கேள்வி: ஸ்ரீஹரிகோட்டா இருக்கும்போது குலசேகரப்பட்டினத்தில் இன்னொரு தளம் ஏன்?

கிழக்கு நோக்கி ஏவுவதற்கு ஸ்ரீஹரிகோட்டா அருமையான இடம். பூமியின் சுழற்சி நொடிக்கு ஏறத்தாழ 450 மீட்டர் வேகத்தை இலவசமாகக் கொடுக்கிறது, முன்னால் முழுக்கக் கடல். சிக்கல் தெற்கு நோக்கி ஏவும்போது வருகிறது. துருவங்களுக்கு மேலே சுற்றும் துருவப் பாதைக்கு நேராகத் தெற்கே போனால் ராக்கெட்டின் கீழே இலங்கை இருக்கும். கழன்று விழும் கட்டங்கள் மக்கள் மீது விழக் கூடாது. எனவே முதலில் தென்கிழக்கே விலகிப் போய், பிறகு வளைந்து தெற்கே திரும்ப வேண்டும். அந்த வளைவுக்கு எரிபொருள் செலவாகும். பி.எஸ்.எல்.வி. அதைத் தாங்கிக்கொள்ளும். சுமார் 500 கிலோ மட்டுமே தூக்கும் சிறிய எஸ்.எஸ்.எல்.வி.க்கு அந்த இழப்பு பெரியது, சுமையில் பெரும்பங்கைத் தின்றுவிடும்.

குலசேகரப்பட்டினம் தூத்துக்குடி மாவட்டத்தில், இலங்கைக்கு மேற்கே இருக்கிறது. அங்கிருந்து நேர் தெற்கே திறந்த கடல்தான். 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. தளம் முதன்மையாக எஸ்.எஸ்.எல்.வி. போன்ற சிறு ராக்கெட்டுகளுக்கானது. கனமான கலங்கள் வழக்கம்போல ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே போகும். எஞ்சின் சோதனைத் தளமான மகேந்திரகிரியும் பக்கத்து மாவட்டத்தில்தான் இருக்கிறது.