ஐந்து முடிந்து ஆறாம் வகுப்பு: ஒரு அம்மாவின் கேள்விக்குப் பதில்

கேள்வி: என் மகள் எங்கள் ஊர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடிக்கிறாள். நன்றாகப் படிப்பாள். ஜூனில் ஆறாம் வகுப்பு. டவுனில் இருக்கும் அரசு மேல்நிலைப் பள்ளியில் சேர்ப்பதா, கடன் வாங்கியாவது தனியார் ஆங்கிலப் பள்ளியில் சேர்ப்பதா என்று தெரியவில்லை. டாக்டர் ஆகவேண்டும் என்கிறாள். இப்போதே நீட் ஃபவுண்டேஷன் வகுப்பில் சேர்த்தால்தான் உண்டு என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். நான் வீட்டில் தையல் தைக்கிறேன், அவர் லாரி ஓட்டுகிறார். பயமாக இருக்கிறது மேடம்.

பதில்:

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. ஐந்திலிருந்து ஆறுக்குப் போவது பெரிய மாற்றம்தான். ஆனால் நீங்கள் பயப்படுவது நீட்டுக்கு. இந்த வருடம் கவனிக்கவேண்டியது வேறு. முதலில் பள்ளியை முடிவு செய்துவிடுவோம், ஏனென்றால் அதற்கு நாள் குறைவு.

நம் மாநிலத்தில் ஆறாம் வகுப்பு என்பது ஒரு எல்லைக்கோடு மாதிரி. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. 2020-ல் வந்த சட்டம் இது. அடுத்த வருடம் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் அதே 7.5 சதவீதம் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தவர்களுக்குக் கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. நீட் எழுதித் தேறத்தான் வேண்டும், அதில் சலுகை இல்லை. ஆனால் போட்டி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குள் மட்டும் நடக்கிறது. அப்புறம் புதுமைப் பெண் திட்டம். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கு வரும்.

இரண்டுக்கும் கணக்கு ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். நடுவில் ஏழாம் வகுப்பு மட்டும் தனியார் பள்ளியில் படித்துவிட்டு எட்டில் அரசுப் பள்ளிக்குத் திரும்பிய ஒரு பையன், பன்னிரண்டு முடித்தபின் அப்பாவோடு என்னிடம் வந்தான். நல்ல மதிப்பெண். அந்த ஒரு வருடத்தால் ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்க முடியவில்லை. அவன் அப்பா மேசைமேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். ஏழாம் வகுப்பில் அவரிடம் இதை யாரும் சொல்லவில்லை. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் வருமானத்தில் கடன் வாங்கி ஏழு வருடம் தனியார் பள்ளிக் கட்டணம் கட்டுவதை நான் சொல்லமாட்டேன். அரசுப் பள்ளியிலேயே சேருங்கள். தமிழ் வழியா, ஆங்கில வழியா என்று அங்கே கேட்பார்கள். இதுவரை தமிழ் வழியில் படித்தவள் என்றால் அதிலேயே தொடரட்டும் என்பது என் கருத்து. ஐந்து பாடமும் புதிதாக மாறும் வருடத்தில் மொழியையும் மாற்றினால் பிள்ளை திணறிப்போவாள். முதல் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை இருப்பதையும் மறக்கவேண்டாம்.

சேர்க்கும் அன்று ஒரு வேலை. மாற்றுச் சான்றிதழிலும் ஆதாரிலும் சாதிச் சான்றிதழிலும் பெயர், இன்ஷியல், பிறந்த தேதி மூன்றும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். இப்போது திருத்துவது சுலபம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தப்பாக ஏறிவிட்டால் அலைச்சல்.

சரி, இனி அந்த வகுப்பறைக்குள் போவோம்.

இதுவரை உங்கள் மகளுக்கு ஒரே டீச்சர். காலையில் வந்து மாலை வரை ஐந்து பாடத்தையும் அவரே நடத்தியிருப்பார். பிள்ளை முகம் வாடினால் சாப்பிடவில்லை என்று கண்டுபிடித்துவிடுவார். ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஒரு ஆசிரியர். மணி அடித்தால் ஒருவர் போவார், இன்னொருவர் வருவார். கணக்கு சார் ரூல்டு நோட்டு கூடாது என்பார், அறிவியல் டீச்சர் ஒரு பக்கம் கோடு போட்ட நோட்டுதான் வேண்டும் என்பார். ஒவ்வொருவரும் வீட்டுப்பாடம் கொடுப்பார்கள், மற்றவர் என்ன கொடுத்தார் என்று அவர்களுக்குத் தெரியாது. பத்து வயதுப் பிள்ளை முதன்முறையாகத் தன் நாளைத் தானே அடுக்கிவைக்கவேண்டும். என்னைக் கேட்டால், ஆறாம் வகுப்பில் பிள்ளை கற்றுக்கொள்ளும் மிகப் பெரிய பாடம் இதுதான், அது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஜூன், ஜூலையில் நோட்டை மறந்துவிட்டுப் போவாள். தப்பான நோட்டை எடுத்துப் போவாள். அழுதுகொண்டு வருவாள். நீங்கள் பையை அடுக்கிக் கொடுக்கத் தொடங்காதீர்கள். கால அட்டவணையை அவள் கையால் பெரிதாக எழுதி, தையல் மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். இரவு சாப்பிட்டதும் அதைப் பார்த்து அவளே அடுக்கட்டும். நீங்கள் தைத்துக்கொண்டே, "நாளைக்கு மூணாவது பீரியட் என்ன பாப்பா?" என்று கேட்டால் போதும். ஆகஸ்டுக்குள் பழகிவிடுவாள்.

காலாண்டில் மதிப்பெண் குறையும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அன்று வீட்டில் சண்டை வரக்கூடாது. முப்பருவ முறையில் ஒரு பாடத்துக்கு 100 மதிப்பெண் என்றால் அதில் 40 பருவம் முழுக்க வகுப்பில் நடக்கும் செயல்பாடுகளுக்கும் சிறு தேர்வுகளுக்கும், மீதி 60 பருவ இறுதியில் எழுத்துத் தேர்வுக்கு. அந்த 60-இல்தான் அடி விழும். பல ஊர்ப் பள்ளிகளிலிருந்து வந்த பிள்ளைகள் ஒரே வகுப்பில் உட்காருவார்கள். உங்கள் பள்ளியில் முதல் மூன்றுக்குள் வந்தவள் இங்கே பதினைந்தாவதாக வரலாம். அவள் படிப்பு குறைந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம், கூட நிற்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள், அவ்வளவுதான். செயல்பாட்டுக்கு சார்ட், மாடல் கேட்டால் ஸ்டேஷனரிக் கடையில் ரெடிமேடாக வாங்கித் தரவேண்டாம். கோணலாக இருந்தாலும் அவளே செய்யட்டும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. எட்டாம் வகுப்பு வரை நம் மாநிலத்தில் யாரையும் ஃபெயில் ஆக்குவதில்லை. நல்ல விஷயம், நான் அதை முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஃபெயில் என்ற சொல்லால் பள்ளியை விட்டு ஓடிய பிள்ளைகளை ஒரு காலத்தில் நிறையப் பார்த்தோம். ஆனால் பெற்றோருக்கு இதில் ஒரு பொறுப்பு கூடுகிறது. பிள்ளைக்கு ஏதோ ஒன்று புரியவில்லை என்பதை எந்த ரிசல்ட்டும் உங்களுக்கு உரக்கச் சொல்லாது. ஆறில் விட்ட ஓட்டை ஒன்பதில்தான் தெரியும்.

அந்த ஓட்டை பெரும்பாலும் பின்னத்தில் இருக்கிறது. போன கோடையில் ஒரு பெண் அவள் அம்மாவோடு வந்திருந்தாள், அந்த அம்மாவுக்கும் தையல்தான் தொழில். "அரையும் காலும் சேர்ந்தா எவ்வளவு?" என்று கேட்டேன். "முக்கால்" என்று பட்டென்று சொன்னாள். அதையே தாளில் 1/2 + 1/4 என்று எழுதிக் கொடுத்தேன். பென்சிலைக் கடித்தாள், யோசித்தாள், மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி 2/6 என்று எழுதினாள். எழுதிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். வாய்க்குத் தெரிந்த கணக்கு கைக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒரே கணக்கு என்று அவளுக்கு யாரும் காட்டவில்லை.

அந்த அம்மாவின் பையில் இன்ச் டேப் இருந்தது. அதை மேசைமேல் விரித்தோம். ஒரு இன்ச்சை எட்டாகப் பிரித்த கோடுகள். தச்சரும் கொத்தனாரும் அந்த எட்டில் ஒன்றைத்தான் நூல் என்கிறார்கள். அரை இன்ச் என்றால் நாலு நூல், கால் இன்ச் என்றால் இரண்டு நூல், சேர்ந்தால் ஆறு நூல். எட்டில் ஆறு. அதுதான் முக்கால். அவள் விரலை வைத்து எண்ணிப் பார்த்துவிட்டு, 2/6-ஐ அடித்துவிட்டு, 6/8 என்று எழுதினாள். பக்கத்திலேயே 3/4 என்றும் எழுதினாள். இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

உங்கள் வீட்டிலும் அந்த டேப் இருக்கிறது. ஆறாம் வகுப்புக் கணக்கில் முதல் பருவத்திலேயே இயற்கணிதமும் விகிதமும் வருகின்றன. பின்னங்கள் மூன்றாம் பருவத்தில் வருகின்றன. ஆனால் விகிதம் புரியவே பின்னம் வேண்டும். அதனால் இந்த மே மாதத்திலேயே ரவிக்கைத் துணி வெட்டும்போது அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். தையலுக்கு அரை இன்ச் விட்டு, மடிப்புக்கு முக்கால் இன்ச் விட்டால் மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். வாயால் சொன்னதைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். நீட்டில் இயற்பியல் கேள்வியில் தடுமாறும் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பார்த்தால், பலருக்கு இயற்பியல் தெரியும். பின்னத்தையும் விகிதத்தையும் கையாளத்தான் வராது. டாக்டர் கனவுக்கு உங்கள் வீட்டில் கிடைக்கும் ஃபவுண்டேஷன் வகுப்பு அந்த டேப்தான். காசு கட்டிச் சேரும் ஃபவுண்டேஷன் வகுப்பு ஆறாம் வகுப்பில் வேண்டாம்.

இன்னொன்று வாசிப்பு. சமூக அறிவியலில் வரலாறு என்றால் என்ன, சிந்துவெளி நாகரிகம் என்று பத்தி பத்தியாக வரும். ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசிக்கச் சொல்லி, "என்ன சொல்லியிருக்கு, எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்கே கதை கேட்ட மாதிரி இருக்கும். பள்ளியில் 6 முதல் 9 வரை படிப்பவர்களுக்கு வரும் தேன்சிட்டு இதழ் வீட்டுக்கு வந்தால் அதையும் வாசிக்கச் சொல்லுங்கள். அறிவியலுக்கு வானவில் மன்றம் என்று 6 முதல் 8 வகுப்புகளுக்குச் சோதனைகள் செய்துகாட்ட ஆட்கள் பள்ளிக்கே வருகிறார்கள். அன்று என்ன செய்தார்கள் என்று அவசியம் கேளுங்கள். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது. தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய். அதற்கான பாடம் ஏழு, எட்டிலிருந்து வரும். இப்போது பெயரைத் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும்.

பெற்றோர் மறந்துபோகிற ஒரு விஷயம் காலைச் சாப்பாடு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 1 முதல் 5 வகுப்பு வரைதான். இதுவரை பள்ளியில் உப்புமாவும் பொங்கலும் சாப்பிட்டுப் பழகியவள், ஜூனில் வெறும் வயிற்றோடு பஸ் ஏறிவிடக்கூடாது. மதிய உணவு தொடரும். ஆனால் பதினொரு மணிக்குக் கணக்கு பீரியடில் தலை சுற்றினால் பாடம் எங்கே ஏறும்? பஸ் நேரத்தைப் பார்த்து அடுப்பைப் பற்றவைக்கும் நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

பெண் பிள்ளை என்பதால் இதையும் சொல்லவேண்டும். ஆறிலோ ஏழிலோ அவள் வயதுக்கு வரக்கூடும். அது பள்ளியில் நடக்கலாம், பஸ்ஸில் நடக்கலாம். முன்கூட்டியே நீங்களே சொல்லிவையுங்கள். யாரிடம் போகவேண்டும், பையில் எந்த அறையில் நாப்கின் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும். சடங்கு செய்வது உங்கள் விருப்பம். அதற்காக வாரக்கணக்கில் பள்ளியை நிறுத்தாதீர்கள். அந்தச் சமயத்தில் விட்ட பாடத்தைப் பிடிக்கமுடியாமல் படிப்பின்மேலேயே வெறுப்பு வந்த பெண்களை எனக்குத் தெரியும்.

பள்ளிக்குப் போய் ஆசிரியர்களைப் பார்க்கத் தயங்காதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் அதிகம், கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். வகுப்பாசிரியரிடம், "என் பொண்ணு எத்தனாவது?" என்று கேட்பதற்குப் பதில், "எந்தப் பாடத்துல அமைதியா உட்கார்ந்திருக்கா?" என்று கேளுங்கள். கை தூக்காத பாடம் எதுவோ அங்கேதான் அவளுக்கு உதவி வேண்டும். ஏதாவது சந்தேகம் என்றால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணுக்கும் அழைக்கலாம்.

காலாண்டு விடுமுறையில் அவளையும் அழைத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள். ரேங்க் கார்டு வேண்டாம். கணக்கு நோட்டை மட்டும் கொண்டுவாருங்கள்.