வலிப்பு மாத்திரை புற்றுநோயைக் கொல்லுமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 61. பெருங்குடல் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது. ஆக்ஸாலிபிளாட்டின் சேர்ந்த கீமோ போய்க்கொண்டிருக்கிறது. சொந்தக்காரர் ஒருவர் வீடியோ அனுப்பினார். வலிப்புக்குக் கொடுக்கும் சோடியம் வால்ப்ரோயேட் ஒரு ‘எச்.டி.ஏ.சி. தடுப்பான்’ என்றும், ஆய்வகத்தில் குடல் புற்றுநோய் செல்களை அது கொன்றுவிட்டது என்றும் அதில் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் ‘கேன்சர் ஆலோசகர்’ என்று போர்டு வைத்திருப்பவர் தினமும் 2,000 மில்லிகிராம் ஆரம்பிக்கச் சொல்கிறார். கூடவே ப்யூடிரேட் (குடலில் பாக்டீரியா உண்டாக்கும் ஒரு கொழுப்பு அமிலம்) கேப்ஸ்யூல். அடுத்து அதே வகைத் தடுப்பானான வோரினோஸ்டாட் பொடி வரவழைத்துத் தருகிறேன் என்று முன்பணமும் கேட்கிறார். டாக்டரிடம் கேட்டால் ‘அதெல்லாம் வேண்டாம்மா’ என்பதோடு முடித்துக்கொள்கிறார். கொடுத்துப் பார்க்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். மாத்திரையும் வேண்டாம், பொடியும் வேண்டாம். முன்பணம் ஏற்கெனவே கொடுத்திருந்தால், போட்ட பணம் வீணாகக் கூடாது என்பதற்காக அந்தப் பொடியை வாங்கி அப்பாவுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் டாக்டர் சொன்னது சரி. ஏன் என்று சொல்லாமல் விட்டது தப்பு. அதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை நம் வெளிநோயாளர் பிரிவுகள் யாருக்கும் ஒதுக்குவதில்லை. அந்த இடைவெளியில்தான் போர்டு வைத்தவர்கள் பிழைக்கிறார்கள்.

வீடியோவில் சொன்னது முழுப் பொய் இல்லை. ஒவ்வொரு செல்லிலும் டி.என்.ஏ. இழை ஹிஸ்டோன் என்னும் புரதத்தில் நூற்கண்டுபோலச் சுற்றியிருக்கிறது. ஹிஸ்டோனில் அசிட்டைல் என்ற சிறு வேதித்துண்டு ஒட்டினால் சுற்று தளர்ந்து, அங்குள்ள மரபணுக்கள் வேலை செய்யத் தொடங்கும். அந்தத் துண்டைக் கழற்றும் நொதிதான் எச்.டி.ஏ.சி. அதைத் தடுத்தால், புற்றுநோய் செல்லில் அமுங்கிக் கிடக்கும் ‘பெருகாதே’ என்ற கட்டளை மரபணுக்கள் சில மறுபடி எழும்பும். வால்ப்ரோயேட் இந்த நொதியைத் தடுக்கிறது என்பது 2001இலேயே நிரூபணமானது. இதுவரை எல்லாம் உண்மை.

எந்த அளவில் தடுக்கிறது என்பதை வீடியோ சொல்லவில்லை. விஷயமே அங்கேதான் இருக்கிறது.

செல்களில் தெளிவான மாற்றம் காட்ட, ஆய்வகங்கள் பொதுவாக 1 முதல் 5 மில்லிமோலார் (செறிவை அளக்கும் அலகு) வரை வால்ப்ரோயேட் சேர்க்கின்றன. நடுவில் 2 என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதன் மூலக்கூறு எடை 144. பெருக்கினால் ஒரு மில்லிலிட்டருக்கு 288 மைக்ரோகிராம். வலிப்பு நோயாளியின் ரத்தத்தில் டாக்டர்கள் வைத்திருக்கப் பார்ப்பது அதே கணக்கில் 50 முதல் 100. ஆணுக்கு 135ஐத் தாண்டினாலே பிளேட்லெட் குறையும் வாய்ப்பு கூடிவிடும் என்று மருந்தின் விவரச் சீட்டே சொல்கிறது. ஆக, ஆய்வகத் தட்டில் இருந்த அளவு சிகிச்சை அளவின் மேல் எல்லையைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. இதிலும் ஒரு கழிவு உண்டு. ரத்தத்தில் போகும் வால்ப்ரோயேட்டில் 80 முதல் 90 சதவீதம் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். மீதிதான் செல்லுக்குள் நுழையும். தட்டில் ஊற்றும் திரவத்தில், அந்தப் புரதம் உள்ள சீரம் (ரத்தத்தின் திரவப் பகுதி) வழக்கமாக 10 சதவீதம்தான் என்பதால் அங்கே இந்தத் தடை மிகக் குறைவு. தட்டில் கிடைத்த பலனை உடம்பில் எட்ட வேண்டுமானால், புற்றுநோய்க்கு முன்னால் மூளையும் கல்லீரலும் அடிவாங்கும்.

‘கொன்றது’ என்கிறார்களே, அதையும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் நடப்பது இதுதான். 96 குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் குழிக்குச் சுமார் 5,000 செல்களை 100 மைக்ரோலிட்டர் திரவத்தில் விடுவார்கள். ஓரக்குழிகளில் திரவம் ஆவியாகி கணக்கைக் கெடுக்கும் என்பதால் அவற்றில் வெறும் உப்புக்கரைசல். ஒரு ராத்திரி ஒட்டவிட்டு, மறுநாள் மருந்து. 72 மணி நேரம் கழித்து எம்.டி.டி. என்ற மஞ்சள் சாயம் 10 மைக்ரோலிட்டர் சேர்த்து மூன்று நான்கு மணி நேரம் காத்திருந்தால், செல்கள் அதை ஊதாப் படிகமாக மாற்றும். படிகத்தைக் கரைத்து 570 நானோமீட்டர் ஒளியில் அளப்பார்கள். ஊதா பாதியானால் ‘50 சதவீதம் செல்கள் இறந்தன’ என்று எழுதிவிடுகிறார்கள்.

அந்த ஊதா நிறம் மரணக் கணக்கு இல்லை. செல்களின் வளர்சிதை மாற்றத்தைத்தான் அது காட்டுகிறது. எச்.டி.ஏ.சி. தடுப்பான்கள் முதலில் செய்வது செல் பிரிவதை நிறுத்துவது. பி21 என்ற மரபணுவை எழுப்பிவிடும். மருந்து போடாத குழியில் செல்கள் மூன்று நாளில் பல மடங்கு பெருகியிருக்கும், மருந்துக் குழியில் பெருகாமல் நின்றிருக்கும். ஊதா பாதியாகத் தெரிய அதுவே போதும், ஒரு செல்கூட சாக வேண்டியதில்லை. மருந்தைக் கழுவிவிட்டு இன்னும் பத்து நாள் வளர்த்து எத்தனை கூட்டங்கள் முளைக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அந்தச் சோதனையைச் செய்யாமலே கட்டுரைகள் வெளியாகின்றன. பல்கலைக்கழகங்களோ செய்திக்குறிப்பில் செறிவையும் நேரத்தையும் வெட்டிவிட்டு ‘புற்றுநோய்க்கு மருந்து’ என்று தலைப்புப் போடுகின்றன. இதைக் கண்டிக்க ஒரு அமைப்பும் முன்வருவதில்லை. விலை கொடுப்பது உங்களைப் போன்ற குடும்பங்கள்.

வீடியோவில், புரதத்தின் அளவைக் காட்டும் சோதனைப் படத்தின் கறுப்புப் பட்டை ஒன்றைக் காட்டி ‘ஹிஸ்டோனில் அசிட்டைல் ஏறிவிட்டது பாருங்கள்’ என்று சொல்லியிருப்பார்கள். ஹிஸ்டோன் மிகச் சிறிய புரதம், 15 கிலோடால்டன் (புரதத்தின் எடையை அளக்கும் அலகு) வாக்கில்தான் இருக்கும். 15 சதவீத ஜெல்லில் ஓட்டி, 0.2 மைக்ரான் துளையுள்ள சவ்வில் பிடிக்காவிட்டால் நழுவிப் போய்விடும். பக்கத்திலேயே மொத்த ஹிஸ்டோன் பட்டையும் காட்டவில்லை என்றால் அந்தப் படத்துக்கு மதிப்பில்லை. முறையாகச் செய்த படமாகவே இருக்கட்டும். நல்ல ரத்த செல்லிலும் அதே பட்டை ஏறும். மருந்து செல்லுக்குள் போய்ச் சேர்ந்தது என்பதற்கு அது சாட்சி. கட்டி சுருங்கியது என்பதற்குச் சாட்சி இல்லை.

இனி வோரினோஸ்டாட். இதன் கதை கரைப்பானில் தொடங்குகிறது. 1971இல் சார்லட் ஃப்ரெண்ட் என்ற ஆய்வாளர், சுண்டெலியின் ரத்தப் புற்றுநோய் செல்களில் டி.எம்.எஸ்.ஓ. கரைப்பானைச் சேர்த்தபோது அவை முதிர்ந்த ரத்த செல்போல ஹீமோகுளோபின் தயாரிக்கத் தொடங்கின. அந்த வேலையைக் குறைந்த அளவிலேயே செய்யும் பொருளைத் தேடி ரொனால்ட் ப்ரெஸ்லோவும் பால் மார்க்ஸும் பல வருடம் உழைத்துக் கண்டதுதான் சாஹா என்ற வேதிப்பொருள். (கரைப்பானே செல்லை மாற்றும் என்பதால்தான் இன்றும் நல்ல ஆய்வகங்கள் அதை 0.1 சதவீதத்துக்கு மேல் போகவிடாமல், மருந்தில்லாத குழியிலும் அதே அளவு சேர்க்கின்றன.) அந்த சாஹாதான் வோரினோஸ்டாட் என்ற பெயரில் 2006 அக்டோபரில் அமெரிக்க அனுமதி பெற்றது. எதற்கு? தோலில் வரும் டி-செல் லிம்ஃபோமாவுக்கு (வெள்ளை அணுக்களில் தோன்றும் ஒரு புற்றுநோய்), அதுவும் மற்ற மருந்துகள் கைவிட்ட பிறகு. அதிலேயே ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்குத்தான் பலன் தெரிந்தது. பிறகு வந்த, இதே வகையான ரோமிடெப்சின், பெலினோஸ்டாட் ஆகியவையும் டி-செல் லிம்ஃபோமாக்களுக்கே. குடல், நுரையீரல், மார்பகம் போன்ற திடக்கட்டிகளில் கதை வேறு. நுரையீரல் உறைப் புற்றுநோயில் 661 பேரிடம் வோரினோஸ்டாட்டைச் சோதித்தார்கள், ஆயுள் கூடவில்லை. மார்பகப் புற்றுநோயில் இதே வகை என்டினோஸ்டாட் சிறிய சோதனையில் பெரிய நம்பிக்கை கொடுத்து, 608 பேர் கொண்ட பெரிய சோதனையில் தோற்றது. இந்தத் தோல்விகளுக்கு வீடியோ எடுப்பவர் யாருமில்லை.

காரணம் இங்கேயும் அளவுதான். தட்டில் 1 முதல் 5 மைக்ரோமோலார் (மில்லிமோலாரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சாஹா 48 அல்லது 72 மணி நேரம் செல்லோடு கிடக்கிறது. ஆள் 400 மில்லிகிராம் விழுங்கினால் ரத்தத்தில் உச்சமே சுமார் 1.2 மைக்ரோமோலார். அதில் 70 சதவீதம் புரதத்தில் ஒட்டியது. மீதியும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதி பாதியாகக் குறைந்துவிடும். ப்யூடிரேட் கேப்ஸ்யூல் இன்னும் மோசம்: ரத்தத்துக்கு வந்த சில நிமிடங்களில் சிதைந்துவிடும், கட்டியில் வேலை செய்யும் அளவுக்குத் தங்காது.

ஆலோசகர் தரும் ‘டோஸ்’ எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். பெரும்பாலும் சுண்டெலிக் கணக்கை அப்படியே பெருக்கியிருப்பார்கள். சுண்டெலிக்குக் கிலோவுக்கு 50 மில்லிகிராம், அப்பா 60 கிலோ, ஆக 3,000 மில்லிகிராம். இது ஆபத்தான, தவறான கணக்கு. சுண்டெலி அளவை மனிதனுக்கு மாற்ற 12.3ஆல் வகுக்க வேண்டும். அப்போது 240 மில்லிகிராம்தான் வரும். அந்த விடையும், ஒரு சோதனையை எங்கே தொடங்கலாம் என்று ஆய்வாளர்கள் யோசிக்க உதவுவது. வீட்டில் கொடுக்க அல்ல.

பொடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த மருந்துகளைச் சுற்றி நடக்கும் அயோக்கியத்தனத்தின் மையம் அதுதான். டப்பாவில் ‘ஆய்வுக்கு மட்டும்’ என்று அச்சிட்டிருக்கும். ஆலோசகர் அதன்மேல் வேறு லேபிள் ஒட்டித் தருவார். ‘98 சதவீதம் சுத்தம்’ என்று ஒரு தாளைக் காட்டுவார். அந்தத் தாள் சொல்வது ஒரே ஒரு கருவியின் வரைபடத்தில் ஒரே ஒரு சிகரம் பெரிதாகத் தெரிந்தது என்பதை. கிருமி உண்டா, பாக்டீரிய நச்சு உண்டா, தயாரிப்பில் பயன்படுத்திய கரைப்பான் எவ்வளவு மிச்சம், மீதி 2 சதவீதம் என்ன, எதுவும் அதில் இருக்காது. வோரினோஸ்டாட் பாக்டீரியாச் சோதனையில் மரபணுப் பிறழ்வை உண்டாக்கிய பொருள். அசல் கேப்ஸ்யூலையே உடைக்கவோ நசுக்கவோ கூடாது என்பது விதி. அதைச் சமையலறையில் தராசில் நிறுத்தி தேனில் குழைத்துக் கொடுக்கச் சொல்கிறவரை வாசலிலேயே நிறுத்துங்கள். பில் கேளுங்கள், உற்பத்தி உரிம எண் கேளுங்கள், பேட்ச் எண் கேளுங்கள். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் அது மருந்து அல்ல.

உங்கள் அப்பாவின் நிலையில் இன்னொரு ஆபத்து கூடுதலாக இருக்கிறது. ஆக்ஸாலிபிளாட்டின் பிளேட்லெட்டைக் குறைக்கும். வால்ப்ரோயேட்டும் குறைக்கும். வோரினோஸ்டாட்டும் குறைக்கும். வோரினோஸ்டாட்டோடு வால்ப்ரோயேட் சேர்ந்தவர்களுக்குப் பிளேட்லெட் கடுமையாகச் சரிந்து குடலில் ரத்தக்கசிவு வந்ததாக மருந்தின் விவரச் சீட்டிலேயே எச்சரிக்கை இருக்கிறது. உங்கள் ஆலோசகர் எழுதிக் கொடுத்த வரிசை அந்தச் சேர்க்கையேதான். போதாக்குறைக்கு, கல்லீரல் பாதிப்பு உள்ளவருக்கு வால்ப்ரோயேட் கூடாது என்பது அதன் முதல் எச்சரிக்கை. கட்டி கல்லீரலில் உட்கார்ந்திருக்கும்போது 2,000 மில்லிகிராம் எழுதியவர் அந்தச் சீட்டைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. இதைப் படிக்கும் மற்ற வீடுகளுக்காக விரிவாகச் சொல்கிறேன். மூளையில் கட்டி இருந்து, அதனால் வலிப்பு வந்து, டாக்டரே வால்ப்ரோயேட் எழுதியிருந்தால் அதை நிறுத்தக் கூடாது. மேலே படித்த எதையும் காரணம் காட்டி ஒரு வேளைகூடத் தவறவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் வலிப்பு நிற்காமல் தொடர்ந்து வரலாம், உயிருக்கே ஆபத்து. அவர்களுக்கு அது வலிப்பு மருந்தாகத்தான் போகிறது. அதேபோல, புற்றுநோய்க்கும் நல்லதாமே என்று எழுதிய அளவைக் கூட்டவும் கூடாது. மூளைப் புற்றுநோயில் வால்ப்ரோயேட் ஆயுளைக் கூட்டுகிறது என்று சில பழைய ஆய்வுகள் சொன்னது உண்மை. பிறகு 1,869 நோயாளிகளின் விவரங்களை ஒன்றுசேர்த்து 2016இல் பார்த்தபோது அந்தப் பலன் காணவில்லை. வலிப்பு அடங்கியிருக்கிறது, ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது என்றால் எழுதிய அளவிலேயே தொடருங்கள். பிளேட்லெட் குறைந்தால் வேறு வலிப்பு மருந்துக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். மாற்றுவதை டாக்டர்தான் படிப்படியாகச் செய்ய வேண்டும்.

இந்த வகை மருந்தை முறையாக முயன்று பார்க்க வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. இந்தியாவில் மனிதர்களிடம் நடக்கும் மருந்துச் சோதனைகளை சி.டி.ஆர்.ஐ. பதிவேட்டில் பதிய வேண்டும். 2009 ஜூன் 15 முதல் இது கட்டாயம். யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடலாம். நோயின் பெயரைப் போட்டு, ‘ஆள் சேர்ப்பு நடக்கிறது’ என்று இருப்பவற்றை மட்டும் பாருங்கள், அந்தப் பதிவு எண்ணை டாக்டரிடம் காட்டுங்கள். சோதனைக்குரிய மருந்துக்குப் பணம் வாங்கக் கூடாது. ‘ட்ரையலில் சேர்த்துவிடுகிறேன், இவ்வளவு கட்டுங்கள்’ என்று யாராவது சொன்னால் அது சோதனையே அல்ல. இங்கே கிடைக்காத மருந்தை டாக்டரே அவசியம் என்று எழுதிக் கொடுத்தால், சொந்த உபயோகத்துக்கு இறக்குமதி செய்ய படிவம் 12ஏ-யில் விண்ணப்பித்து 12பி-யில் அனுமதி வாங்கலாம். இதை நோயாளியின் குடும்பமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருப்பது வெட்கக்கேடு. பெரிய மருத்துவமனை ஒவ்வொன்றிலும் இதற்கென்று ஒரு மேசை போட்டு, ஒரு ஆளை உட்கார வைத்திருக்க வேண்டும். ஆனால் குடல் புற்றுநோய்க்கு இந்த மருந்துகளை எழுதித் தரும் நிலையே இன்று இல்லை என்பதால், உங்களுக்கு அந்த அலைச்சல் தேவைப்படாது.

கடைசியாக, கேள்வியில் நீங்கள் சொல்லாத ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. மாத்திரையை ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டீர்களா? ஆரம்பித்திருந்தால், அடுத்த சுற்று வரை காத்திருக்காமல் இன்றே கீமோ வார்டுக்குப் போன் செய்யுங்கள். எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள் என்பதைச் சொல்லி, மாத்திரை அட்டையையும் கேப்ஸ்யூல் டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். திட்டுவார்களோ என்று மறைக்காதீர்கள். பிளேட்லெட் எண்ணிக்கையையும் கல்லீரல் பரிசோதனையையும் பார்த்த பிறகுதான் அடுத்த கீமோ ஏற்ற வேண்டும். அப்பா வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தால், பேச்சு குழறினால், வாந்தியோடு மேல்வயிறு வலித்தால், அடிபடாமலே தோலில் நீலம் பாரித்தால் போன்கூட வேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். ரத்தத்தில் அமோனியாவையும் பார்க்கச் சொல்லுங்கள். வால்ப்ரோயேட் சாப்பிட்டார் என்று நீங்கள் சொல்லாவிட்டால் அதைப் பார்க்க யாருக்கும் தோன்றாது.