ஆகுட்டான் தீவுல கவுந்த ஜீரோ

வணக்கம் சார். ரெண்டாம் உலகப்போர்ல அலாஸ்கா பக்கம் விழுந்த ஒரு ஜப்பான் ஜீரோ போர் விமானத்தப் பிரிச்சுப் பாத்துத்தான் அமெரிக்காக்காரன் ஹெல்கேட் போர் விமானத்தையே செஞ்சான்னு ஒரு வீடியோல சொன்னாங்க. உண்மைதானா? அந்த பைலட் என்ன ஆனார்?
– ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

தேதிய வச்சுப் பாத்தாலே அது நிக்காது. ஹெல்கேட்டோட முதல் மாடல் 1942 ஜூன் 26லயே பறந்தாச்சு, ஆகுட்டான் தீவுல கெடந்த ஜீரோவ கேட்டலினாங்கற அமெரிக்க ரோந்து விமானத்துல போனவங்க பாத்ததே ஜூலை 10லதான். ஆனா அதுல கெடச்ச விஷயம் சின்னதில்ல. சான் டியாகோ கொண்டுபோய் ரிப்பேர் பண்ணி செப்டம்பர் 20ல அமெரிக்க கடற்படை பைலட் எடி சாண்டர்ஸ் ஓட்டிப் பாத்தார். 200 நாட் (மணிக்கு சுமார் 370 கி.மீ.) வேகத்துக்கு மேல போனா எய்லரான் (விமானத்த சாய்க்க எறக்கையில இருக்குற மடிப்பு) இறுகிப்போய் சாய்ச்சுத் திருப்பவே முடியல, அதுவும் வலது பக்கம் ரொம்ப கஷ்டம், மூக்க சட்டுனு கீழ அமுக்கினா கார்புரேட்டர் ஒத்துழைக்காம எஞ்சின் ஆஃப் ஆகுது. பின்னாடி ஜீரோ வந்தா டைவ் அடிச்சு, வேகம் ஏறினதும் வலது பக்கம் திரும்பிருன்னு அதுக்கப்புறம் தைரியமா சொல்லிக்குடுக்க முடிஞ்சுது.

பைலட் பேரு ததயோஷி கோகா, வயசு வெறும் 19. ஜப்பானோட ரியூஜோ விமானம் தாங்கிக் கப்பல்லேருந்து வந்தவர் (அதே வருஷம் ஏப்ரல் 6ல விசாகப்பட்டினத்துலயும் காக்கிநாடாவுலயும் குண்டு போட்டது இந்தக் கப்பல் விமானங்கதான்). ஜூன் 4ல அலாஸ்காவுல இருந்த அமெரிக்கத் தளமான டச் ஹார்பர தாக்குறப்ப கீழேருந்து சுட்டதுல ஆயில் பைப்ல அடிபட்டுச்சு. அவசரத்துக்கு ஆகுட்டான்ல எறங்கு, சப்மரீன் வந்து ஏத்திக்கும்னு முன்னாடியே சொல்லியிருந்தாங்க. மேலேருந்து பாத்தா நல்ல புல்வெளி, நம்பி சக்கரத்த எறக்கிட்டு வந்தார், புல்லுக்கு அடியில முழுக்க சேறு, சக்கரம் மாட்டி விமானம் தலைகீழா கவுந்து கழுத்து முறிஞ்சு செத்துட்டார்.

கூட வந்த ரெண்டு பேருக்கு உத்தரவு தெளிவா இருந்துச்சு, எதிரி மண்ணுல விழுந்த ஜீரோவ சுட்டு எரிச்சிரணும். எரிச்சிருந்தா மேல சொன்ன எதுவுமே அமெரிக்காவுக்குக் கெடச்சிருக்காது. ஆனா உள்ள இருக்குறது கூட்டாளி, ஒருவேளை உசுரோட இருக்கலாம். சுட மனசு வராம திரும்பிட்டாங்க. பெரிய தப்பு பண்ணிட்டாங்கன்னு நிறைய பேர் எழுதுறாங்க, எனக்கு அப்படி எழுத கை வரல. அந்த எடத்துல நானா இருந்தாலும் சுட்டிருக்க மாட்டேன்.