கனடா நண்பரின் பணத்தை வகுப்புக்கு வாங்கலாமா?

கேள்வி: பவானிசாகர் இலங்கைத் தமிழர் முகாமில் பிள்ளைகளுக்கு நண்பர்கள் சேர்ந்து மாலை வகுப்பு நடத்துகிறோம். டீச்சர் சம்பளம் தந்துவந்த தொண்டு நிறுவனத்துக்கு வெளிநாட்டு நிதி நின்றுவிட்டது. கனடாவில் இருக்கும் எங்கள் ஊர் நண்பர் மாதம் 15,000 ரூபாய் தருகிறேன் என்கிறார். என் கணக்கில் வாங்கலாமா?
– ஒரு வாசகர், சத்தியமங்கலம்

பதில்: 2025-ல் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை வெட்டியதிலிருந்து இந்த மாதிரிக் கேள்விகள் நிறைய வருகின்றன. நண்பரிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: கையில் இருப்பது எந்த நாட்டு பாஸ்போர்ட்? இந்திய பாஸ்போர்ட் என்றால் கவலையில்லை. சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கனடா குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கு நம் அரசு தருவது) வைத்திருந்தாலும், 2010-ம் வருட எஃப்.சி.ஆர்.ஏ. எனும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டுக்காரர்தான். அந்தச் சட்டப்படி பதிவில்லாத நீங்கள் வகுப்புக்கென்று அவரிடம் வாங்கக் கூடாது. மீறினால் 5 வருடம் வரை சிறை என்று இருக்கிறது.

உடனே யாராவது குறுக்கு வழி சொல்வார்கள்: “கோபியில இருக்கற அவங்க அம்மா கணக்குக்கு அனுப்பட்டும், அம்மா உங்களுக்குக் குடுக்கட்டும்.” மகன் அம்மாவுக்கு அனுப்புவதில் தப்பில்லை, உறவினருக்கு விலக்கு உண்டு. ஆனால் அதே பணம் அம்மாவிடமிருந்து உங்களுக்கு வரும்போது மறுபடி வெளிநாட்டு நன்கொடைதான். எத்தனை கை மாறினாலும் அப்படித்தான் என்று சட்டத்திலேயே விளக்கம் போட்டிருக்கிறார்கள். ஜிபேயில் ‘டீச்சர் சம்பளம்’ என்று அம்மா குறிப்பெழுதி அனுப்பினால் வேறு சாட்சியே வேண்டாம்.

நீங்களே பதிவு செய்யப் போனால் 3 வருட அனுபவமும், அந்த 3 வருடத்தில் 15 லட்சம் செலவழித்த கணக்கும் கேட்பார்கள். உங்களுக்கு அது ஆகாத காரியம். பதிவுள்ள நிறுவனத்துக்கு நண்பர் தாராளமாகத் தரலாம். ஆனால் அவர்கள் அதை உங்கள் கைக்கு மாற்றிவிட முடியாது, 2020 திருத்தம் அந்த வழியை அடைத்துவிட்டது. அவர்களே டீச்சரை வேலைக்கு வைத்து வகுப்பை நடத்தலாம். பழைய நிறுவனத்திடமே கேட்டுப் பாருங்கள். அவர்கள் பதிவு இன்னும் உயிரோடு இருந்தால், பணம் தருகிறவர் மட்டும்தானே மாறுகிறார்?

என்னைக் கேட்டால் 15,000 ரூபாய்க்குக் கனடா வரை போகவே வேண்டாம். மாதம் 500 ரூபாய் வீதம் 30 பேர். கும்பாபிஷேகத்துக்கு வசூல் பண்ணிப் பழகிய ஊர்க்காரர்கள் நாம். மில்லில் சி.எஸ்.ஆர். பணம் (கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்குவது) கேட்டால் 12ஏ, 80ஜி என்று வருமான வரித்துறைச் சான்றிதழ் கேட்பார்கள்; முதலாளி கைக்காசில் தருவது சுலபம். ரசீது போடுங்கள், சம்பளத்தை டீச்சர் கணக்கிலேயே போடுங்கள்.

அப்புறம், நண்பர் முதல் மாதப் பணத்தை ஏற்கெனவே அனுப்பிவிட்டார் என்றால் அதில் ஒரு ரூபாயும் எடுக்காமல் ஆடிட்டரைப் பாருங்கள்.