எண்பதில் திரும்பி வந்த குரல்

கேள்வி: இங்கிலாந்தின் நாட்டுப்புறப் பாடகி ஷெர்லி காலின்ஸின் அறுபதுகளின் இசைத்தட்டுகள் என்றால் எனக்கு உயிர். வயதான பிறகு அவர் பாடியதையும் கேட்கலாமா, குரல் போயிருக்குமே?

பதில்: கட்டாயம் கேளுங்கள். டிஸ்ஃபோனியா என்கிற குரல் கோளாறால் பல ஆண்டுகள் பாடாமலே இருந்தவர், 2016-இல் 81 வயதில் 'லோட்ஸ்டார்' தொகுப்போடு திரும்பி வந்தார், அதையும் லூயிஸ் ஊரில் தன் வீட்டிலேயே பதிவு செய்தார். குரல் தாழ்ந்திருக்கிறது, உண்மைதான். ஆனால் கொலையும் சாவும் நிறைந்த அந்தப் பழைய கதைப்பாடல்களுக்கு இந்தக் குரல்தான் பொருத்தம் என்பேன். அப்புறம் 2020-இல் 'ஹார்ட்ஸ் ஈஸ்', 2023-இல் 'ஆர்க்கேஞ்சல் ஹில்'. இதே கோளாறால் பாட முடியாமல் போன லிண்டா தாம்ஸன், தன் பாடல்களைப் பிறரைப் பாடவைத்து 2024-இல் வெளியிட்ட 'பிராக்ஸி மியூசிக்'கையும் விட்டுவிடாதீர்கள், அதில் அவருடைய பிள்ளைகள் டெடியும் காமியும் பாடியிருக்கிறார்கள்.